கடல் கடந்த ஓராண்டு

பல்கலைக்கழக மாணவர் சிலர், தம் படிப்பின் இடையே ஓராண்டு மட்டும் அயல்நாடு சென்று பயின்று மீள்வர். பயணச்சீட்டு, உறைவிடம், குளிருக்கேற்ற உடை ஆகியவற்றைப் பற்றிப் பல திங்கள் எண்ணுவர். அங்கே எப்பாடங்களைக் கற்பது என்பதையோ புறப்படும் வேளையில்தான் எண்ணுவர். ஆனால், அந்த ஓராண்டு பயன்படுவதும் பாழாவதும் பாடத்தேர்வைப் பொறுத்தனவே.

1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவேர்ப் பல்கலைக்கழக மாணவர் எண்மர் பிரான்சு நாட்டுக்குக் கப்பலேறினர். பேராசிரியர் ரேமண்டு கிர்க்பிரைடு வகுத்த திட்டம் அது. அங்கே கற்றவை தாயகத்துப் பட்டத்திற்கும் உரியனவாகக் கொள்ளப்படும் என்பதே அதன் உயிர்நாடி.

இந்த உறுதி எல்லார்க்கும் கிட்டவில்லை. இத்தாலியில் சட்டம் பயின்றுவந்த சோபியா கொராடி என்னும் மங்கை, புல்பிரைட் உதவித்தொகை பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டம் கற்று, முதுகலைப் பட்டமும் பெற்று, 1958-இல் உரோமைக்குத் திரும்பினார். அப்படிப்பைத் தம் பட்டத்திற்குரியதாகக் கொள்ளுமாறு வேண்டினார். பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து மறுத்துவிட்டார். அம்மங்கை மேலும் படித்தே இத்தாலியப் பட்டத்தை அடைய நேர்ந்தது. அலுவலரின் கடுமை பொறுக்கத்தக்கதன்று. ஆயினும், சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவது. ஓரிடத்துப் படிப்பு மற்றோரிடத்தில் எவ்வளவு செல்லும் என்பது கேட்கத்தக்க வினாவே. அதற்கு விடைகூறும் ஒழுங்கு அந்நாளில் இல்லை. அவ்வொழுங்கு வேண்டுமென்று 1969 முதல் கொராடி இடைவிடாது முயன்றார். 1987-இல் ஐரோப்பாவில் ‘எராஸ்மஸ்’ திட்டம் தோன்றியது. முதலாண்டில் 3,244 மாணவர் அதன்வழிச் சென்றனர்.

இத்திட்டத்தில் மாணவன் புறப்படுமுன்னரே கற்றல் உடன்படிக்கை ஒன்று எழுதப்படுகிறது. மாணவன், அவனை அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய முத்திறத்தாரும் அதில் கையொப்பமிடுவர். ஓராண்டுப் படிப்புக்கு 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. விரிவுரை கேட்பது மட்டுமன்றி, நூலகத்தில் அமர்ந்து படிப்பதும் தேர்வுக்கு ஆயத்தமாவதும் இம்மணிக்கணக்கில் அடங்கும்.

உடன்படிக்கை இருப்பதனாலேயே இடர் தீர்ந்துவிடுவதில்லை. ஏட்டிற் கண்ட பாடம் அவ்வாண்டு நடைபெறாமற் போகலாம். இரண்டு பாடங்கள் ஒரே வேளையில் அமைந்துவிடலாம். மாற்றுப் பாடம் இரண்டொன்றை முன்னரே குறித்து வைத்திருப்பவன் அல்லலுறான். மொழியறிவையும் நேர்மையாக அளந்து பார்த்தல் வேண்டும். கணிதத்தில் குறியீடுகள் ஓரளவு கைகொடுக்கும். வரலாற்றிலோ சொற்களே எல்லாம்.

புள்ளிகளுக்கு அஞ்சித் தன் ஊரில் உள்ள பாடங்களையே அங்கும் தேடுகின்ற மாணவனும் உளன். அவன் இழப்பது பெரிது. செருமனியிலிருந்து இத்தாலியப் பொலோனாவுக்குச் செல்லும் சட்ட மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். இத்தாலியரின் வரிச்சட்டம் அவன் நாட்டு அரசுத் தேர்வில் அவனுக்கு உதவாது. ஆனால், செருமானியர் உரிமையியற் சட்டம் உரோமச் சட்டத்திலிருந்து பெரிதும் கொண்டது. அவ்வுரோமச் சட்டத்தை இடைக்காலத்தில் உயிர்ப்பித்துக் கற்பித்த ஊரே பொலோனா. அங்கே அதனைப் பயில்பவன் தன் நாட்டுச் சட்டத்தின் வேரையும் காண்கின்றான். புள்ளிகளையும் இழக்கக் காரணம் இல்லை. ஊர்ச் சுற்றுலாவுக்கு வசதியென்று திங்களும் வெள்ளியும் ஓய்வாக அமையும் பாடங்களைப் பொறுக்குபவனுக்கு இவ்விரண்டும் கிட்டுதல் அரிது.

ஆண்டிறுதியில் ஏற்ற பல்கலைக்கழகம் மதிப்பெண் சான்றை அனுப்பிவைக்கும். பாடத்தின் பெயர் மட்டுமே காணும் தாயகத்துப் பேராசிரியருக்கு அதனுள் கற்பித்தவை யாவை என்பது விளங்காமற் போகலாம். ஆதலின் பாடத்திட்டத்தையும் எழுதிய கட்டுரைகளையும் மாணவன் தன் பெட்டியில் எடுத்துவருவது வழக்கமாகியுள்ளது.