ஒரே பாயில் இரண்டு புத்தகம்

எங்கள் வீட்டில் தெலுங்கு. வாசலைத் தாண்டினால் தமிழ். டி. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே எனக்குத் தமிழ் வந்திருந்தது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்த நினைவில்லை. கோலிக்குண்டில் சண்டை போட, பம்புசெட்டுக் கிணற்றுக்குக் கூட்டாளியைக் கூப்பிட, கடையில் கடன் சொல்ல என்று தெருவே கற்றுத்தந்துவிட்டது. பள்ளியில் வாய்ப்பாட்டைத் தமிழில் ஒப்பிப்பேன். வீட்டில் அவ்வா (பாட்டி) பருத்தி எடுத்த கூலியைத் தெலுங்கில் கணக்குப் பார்ப்பார், கூடவே நானும் பார்ப்பேன்.

கணக்கு என்றதும் கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமம் நினைவுக்கு வருகிறது. கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கியது. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்த இடமும் அதுதான். 1960 ஜனவரி 30இல் மறைந்தார். லண்டனில் கணக்கியல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் என்று படித்து, ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர் இந்தக் கரிசலுக்கு வந்து சேர்ந்தார். அவர் பின்பற்றிய காந்தி 1937 வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் எல்லாம் தாய்மொழியில், கைத்தொழில் வழியாக. நூற்ற நூலை அளந்தே பிள்ளை பெருக்கல் படித்துவிடும். ஆனால் அந்தத் திட்டத்தில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. குமரப்பாவுக்கு ஆங்கிலம் திறந்துவிட்ட கதவு தங்கள் பிள்ளைக்கும் திறக்கட்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அந்த ஆசையை மதித்துத்தான் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே பாயில். அறிவியல் பாடம், செடியின் பாகங்கள். படம் ஒன்று, புத்தகம் இரண்டு. டீச்சர் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் விளக்கினார். ஆங்கிலப் புத்தகக்காரி படத்தின் அடியில் விரலை வைத்து, “வேர் மட்டும் ஏன் டீச்சர் வெள்ளையா இருக்கு?” என்றாள். பக்கத்துப் பையன், “மண்ணுக்குள்ள வெயில் படாதுல்ல” என்றான். பாடம் அங்கேதான் நடந்தது. பிறகு அவள் ஆங்கில விடையைப் பார்த்து எழுதினாள். கையெழுத்து அழகு. ஆனால் அவள் கேட்ட கேள்வி அந்த நோட்டில் எங்கும் இல்லை.

இரண்டு மொழிப் பிள்ளைகளைத் திட்டமிட்டே சேர்த்துப் படிக்கவைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மியாமியில், கோரல் வே அரசுப் பள்ளியில், 1963இல் இருமொழி வகுப்பு தொடங்கினார்கள். கியூபாவிலிருந்து வந்த, ஸ்பானியம் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள்; பாதி நாள் ஒரு மொழி, மீதி நாள் இன்னொன்று. பாடம் இரண்டிலும் நடந்தது. விளையாட்டு மைதானம் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டது, எனக்குக் கல்லுப்பட்டித் தெரு செய்ததைப்போல. இங்கே ஆங்கிலம் பேசக் கூட்டாளி கிடையாது. முழுச் சுமையும் அந்த டீச்சர் தலையில்.

தெலுங்கை எந்தப் பள்ளியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பேசுவேன், படிக்கத் தெரியாது. என் மகளோடு தெலுங்கில்தான் பேச்சு. பேத்திக்குப் புரிகிறது, பதில் மட்டும் தமிழில். அவ்வா கணக்குப் பார்த்த மொழியில் பேத்தியால் பத்துக்குமேல் எண்ண முடியாது. தமிழுக்கு அந்தக் கதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2006 சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். ஆனால் செய்யுளும் கட்டுரையும் தமிழில், பின்னமும் வேரும் ஆங்கிலத்தில் என்று பிரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை எந்த மொழியில் யோசித்துப் பழகும்?

ஆள் பற்றாக்குறையால் ஒரே பாயில் உட்காரவைத்த பிள்ளைகளைத் திட்டமிட்டே அப்படி உட்காரவைக்கலாம். அறிவியலைத் தமிழில் பேசித் தெளியட்டும், மறுநாள் அதையே ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கட்டும். தேர்வில் எந்த மொழியில் எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கட்டும். முதலில் அந்தப் பள்ளிக்கு மூன்றாவதாக ஓர் ஆசிரியர் வேண்டும், பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசக்கூடியவராக.