பொருநையும் கொற்கையும்

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமாவின் ஆசீர்வாதம்.

ரைன் நதிக்கரையில் வாசம் செய்யும் உன் சிநேகிதர்கள், சுமார் 125 கிலோமீட்டரே ஓடுகிற பொருநையாகிய தாமிரபரணியை ஜீவநதி என்று நீ சொல்லக் கேட்டு நகைத்தார்கள் என்றும், கடலோரமே இல்லாத கொற்கை எப்படித் துறைமுகமாக இருந்திருக்கும் என்று வினவினார்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் விடை அந்நதி பிறக்கும் பொதிகை மலையில்தான் இருக்கிறது.

ரைனுக்கு ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி நீர் வார்க்கிறது. பொதிகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை முகட்டைத் தாண்டி இப்புறமும் பொழிந்து ஓய்ந்தபின், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில், சோலைக்காடுகள் வேரிலும் மக்கிய சருகிலும் பிடித்து வைத்த நீரைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு ஆற்றைப் போஷிக்கின்றன.

1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலையில் உற்பத்தியாகி, பாணதீர்த்தத்தில் வீழ்ந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிற நதியோடு, தெற்கிலிருந்து மணிமுத்தாறும், வடக்கிலிருந்து கடனாநதியும், குற்றாலத்து நீரைக் கொணரும் சிற்றாறும் கலக்கின்றன. வழியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் ஒன்றே ஆங்கிலேயர் கட்டியது.

இத்தனை நீரும் வெறுங்கையோடு கடலுக்குப் போவதில்லை; வண்டலைச் சுமந்தே போகிறது. கொற்கையின் கதை அதில்தான் அடங்கியிருக்கிறது. கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ் சொல்லுகிறது. இன்று அங்கே போனால் வயலும் குளமும் காண்பாயேயன்றி அலையோசை கேட்க மாட்டாய். வெள்ளந்தோறும் நதி கொணர்ந்த வண்டல் கழிமுகத்தில் படிந்து படிந்து கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. வணிகம் காயல் என்னும் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது; 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் செழிப்பைக் கண்டு வியந்தான் மார்க்கோ போலோ. பின்னர் அந்தக் காயலும் உள்நாட்டூராகிவிட, நதி இப்போது புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. இந்த வரலாற்றை அகழ்ந்து பார்த்து எழுதியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார். அவருடைய ஒப்பிலக்கணத்தையே கொண்டாடும் நாம், கொற்கையில் மண்ணைத் தோண்டி நின்ற கால்டுவெல்லை மறந்தது நியாயமன்று.

துறைமுகங்களைத் தூர்த்துவிட்டதென்று ஆற்றைப் பழிப்பாரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வண்டலில்தான் ஏரல் பக்கத்து வாழையும் ஆத்தூர்க் கொடிக்கால்களின் வெற்றிலையும் விளைகின்றன.

இப்படிக்கு,
உன் மாமா