சுடாத பலகாரம்

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கேரல் குழுத் தம்பி வந்து பிடித்துக்கொண்டான். "அக்கா, இந்த வருசம் கடைசி வீடு உங்க வீடுதான். 22-ஆம் தேதி ராத்திரி. நாப்பது பேரு வருவோம்."

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கடைசி வீடு என்றால் என்னவென்று தெரியும். மற்ற வீடுகளில் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கைக் கவர், கிறிஸ்துமஸ் தாத்தா கையால் பிள்ளைகளுக்கு மிட்டாய், அவ்வளவோடு அடுத்த வீடு. கடைசி வீட்டில்தான் டிரம்மைக் கீழே இறக்கிவைத்து உட்காருவார்கள். டீ, பலகாரம், கேலி, அரட்டை என்று அது ஒரு பார்ட்டிதான். நடக்கிற நேரம் மட்டும் அதிகாலை ஒன்றரை மணி.

என்னிடம் இருப்பது இவ்வளவு: அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் மூன்று கட்டு, தீபாவளிக்கு முந்தின வாரமே கம்பி போன ஓ.டி.ஜி. அடுப்பு, "நாளைக்கு வாரேன்" என்று இரண்டு மாதமாகச் சொல்லும் ரிப்பேர்க்காரர், மூட்டுவலிக்கார மாமியார். எண்ணெய்ச் சட்டி முன்னால் அவரை உட்கார வைக்க முடியாது. எனக்கு உட்கார நேரமில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "அத்தை, இந்தத் தடவை சுடாத பலகாரமாப் பண்ணிரலாம்னு பாக்கேன். பிஸ்கட் ரோல், தேங்காய் உருண்டை, அந்த மாதிரி."

அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சுடாமலா? பலகாரம்னாலே சுடுததுதானம்மா?"

வாஸ்தவம். முறுக்கு சுடுகிறோம், அதிரசம் சுடுகிறோம், தோசையும் வடையும் சுடுகிறோம். எண்ணெயோ, கல்லோ, பேக்கரி அடுப்போ, எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே வினைதான். அதற்கு 'சுடாத' என்று எதிர்மறை போட்டால் நமக்கு நாவல் மரத்தடியில் நிற்கும் ஔவையார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அந்தக் கதையில் ஏமாந்தது யார் என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

பள்ளி விட்டதும் கேக் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். ஆளுக்கு மூன்று துண்டு, நாற்பது பேருக்கு 120 துண்டு. கணக்கு டீச்சர் இல்லையென்றாலும் இது வரும்.

சாக்லேட் கட்டி கேட்டதும் கடைப்பையன், "காம்பவுண்டா, ஒரிஜினலா?" என்றான். ஒரிஜினலில் இருப்பது கோகோ வெண்ணெய். அது 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், நம் உடம்புச் சூட்டுக்கும் கீழே. வாயில் போட்டதும் கரைகிற சுகம் அதனால்தான். அதே கோகோ வெண்ணெயால், உருக்கி மறுபடி உறையவைக்கும்போது பக்குவம் பிசகினால் மேலே தேமல் மாதிரி வெள்ளை பூத்துவிடும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. ருசி ஒரு படி கம்மி, தொல்லை பத்துப் படி கம்மி. அரைக் கிலோ காம்பவுண்ட் வாங்கினேன். சாக்லேட் ரசிகர்கள் மன்னிக்கட்டும். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு டிரம் அடித்துவிட்டு வருகிறவன் கோகோ வெண்ணெயைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

பிஸ்கட் மட்டும் மாரிதான் வேண்டும். கிரீம் பிஸ்கட் இழுத்துக்கொள்ளாது, நொறுங்கிச் சேறாகும். மாரியில் இனிப்பும் கொழுப்பும் அளவாக இருப்பதால் சுற்றி என்ன ஊற்றினாலும் குடித்துவிட்டு உருவம் குலையாமல் நிற்கும். நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற இந்தச் சாது பிஸ்கட் ராஜ கல்யாணத்துக்காகப் பிறந்தது. ரஷ்ய இளவரசி மரியா, விக்டோரியா மகாராணியின் மகனான எடின்பரோ கோமகனை மணந்த 1874-இல், லண்டன் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி அவள் பெயரில் போட்டது. அத்தையிடம் சொன்னேன். "அதான் வட்டமா மோதிரம் கெணக்கா இருக்கோ?" என்றார். முறைப்பு ஒரு பிடி தளர்ந்த மாதிரி தெரிந்தது.

டிசம்பர் 17, புதன்

மெல்போர்னில் இருக்கும் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சொன்னாள். அங்கே டிசம்பர் கொளுத்தும் கோடை. அந்த வெயிலில் ஓவனைப் போட மனசு வராதவர்களுக்கு 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்று ஒரு பலகாரம் உண்டாம். அரிசிப்பொரி, உலர்ந்த தேங்காய்த் துருவல், உலர் பழங்கள், பால்பவுடர், பொடித்த சீனி எல்லாவற்றையும் கோஃபா என்கிற தேங்காய்க் கொழுப்பை உருக்கி ஊற்றிக் கிளறி, தட்டில் அழுத்தி, குளிரவைத்து வெட்டுவது.

பொரியும் தேங்காயும் நம் சொத்து. கோஃபா மட்டும்தானே இல்லை, அதுவும் தேங்காயிலிருந்துதானே வருகிறது என்று செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெயையே ஊற்றினேன். மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் பாட்டிலில் லேசாக உறைந்துதான் இருக்கிறது, அந்தத் தைரியம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது பளிங்குக் கல் மாதிரி இருந்தது. சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி பதிந்து அவ்வளவு அழகு. போட்டோ எடுத்து மெல்போர்னுக்கு அனுப்பினேன். அவள் பதில் வருவதற்குள் ஓரம் வியர்த்தது. பத்து நிமிடத்தில் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கால் மணி நேரத்தில் தட்டில் எண்ணெய்க் குளம், அதில் மிதக்கும் பொரி.

தேங்காயெண்ணெய் 24 டிகிரியில் உருகிவிடும். எங்கள் சமையலறை மார்கழி மத்தியானத்திலும் 29-க்குக் கீழே இறங்குவதில்லை. கோஃபா, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்திய கொழுப்பு. நான் ஊற்றியது தலைக்குத் தேய்க்கிறது.

அத்தை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "ருசி ஒண்ணும் மோசமில்ல. ஆனா தலை சீவிட்டுத் திங்கணும் போலிருக்கு."

டிசம்பர் 18, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது. பேப்பர் திருத்தினேன். ஒரு பிள்ளை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நட்சத்திரம் வரைந்து 'ஹேப்பி கிறிஸ்துமஸ் மிஸ்' என்று எழுதியிருக்கிறது. 31 மார்க்தான். அரை மார்க்குகூடக் கூட்டிப் போடவில்லை, ஆனால் நட்சத்திரம் மனசில் நிற்கிறது.

டிசம்பர் 20, சனி

இன்று பிஸ்கட் ரோல். இத்தாலியிலும் போர்ச்சுக்கலிலும் இதற்குச் சாக்லேட் சலாமி என்று பெயர். வெட்டின துண்டு, கொழுப்புப் பொட்டு பதிந்த இறைச்சி வில்லை மாதிரியே இருக்கும். இறைச்சி மட்டும் கிடையாது.

அளவு: மாரி பிஸ்கட் 300 கிராம், காம்பவுண்ட் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், கண்டென்ஸ்டு மில்க் அரை டின், இரண்டு கை முந்திரி. நாற்பது துண்டு தேறும்.

பிஸ்கட்டை நொறுக்கும் வேலை சின்னவளுக்கு. மிக்ஸியில் போடக் கூடாது, மாவாகிவிடும். கையால் ஒடிக்க வேண்டும், பெரிசு கொஞ்சம், சிறிசு கொஞ்சம். ஒடித்ததில் எத்தனை வாய்க்குள் போனது என்று கேட்டதற்கு, "ரெண்டுதான்மா சுட்டேன்" என்றாள். சுடாத பலகாரத்தில் சுட்டது அது ஒன்றுதான்.

பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்க ஆரம்பித்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். "அடுப்பு எரியுதே!"

"இது சும்மா ஆவிதான் அத்தை."

"இட்லியும் ஆவிதான். அதையும் சுடாததுன்னு சொல்லுவியா?"

பதில் தேடுகிற அந்த ஒரு நொடியில் கை தவறி, கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்துவிட்டது. ஒரே ஒரு சொட்டு. பளபளவென்று பட்டுச் சேலை மாதிரி மடிந்துகொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே சொரசொரத்து, ஈரமண் மாதிரி திரண்டு நின்றது. ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் சீனித் துகளும் கோகோத் துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு சொட்டுதான் கெடுக்கும், நிறைய ஊற்றினால் சரியாகிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. மூன்று கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டு விடாமல் கிளறினேன். முதலில் இன்னும் மோசமானது. கை ஓயப்போகிற நேரத்தில் ஓரத்திலிருந்து பளபளப்பு திரும்பியது. எப்படியும் கண்டென்ஸ்டு மில்க் சேர்க்கப்போகிற பண்டம்தான், மூன்று கரண்டிப் பாலில் மோசம் போகாது.

வெண்ணெய், பால், பிஸ்கட், முந்திரி எல்லாம் சேர்த்துப் பிசறி, அலுமினியத் தாளில் கொட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, இரண்டு முனையையும் மிட்டாய்த் தாள் போல முறுக்கினேன். வெண்ணெய் சுற்றியிருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜிலோ நேற்றைய சாளைக் குழம்பு. அதனால் தாளுக்குமேல் இன்னொரு தாள், அதற்கு மேல் மூடி போட்ட டப்பா. குழம்பை வெளியேற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தையும் அவர் மகனும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள்.

ராத்திரி, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து முதல் துண்டை அரிந்தேன். கறுப்பில் வெளிர்மஞ்சள் சில்லுகள், நடுவே முந்திரியின் பிறை. அத்தை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கப்பா வீட்டு மொசைக் தரை மாதிரியே இருக்கு." பிறகு தின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிசம்பர் 21, ஞாயிறு

தேங்காய் உருண்டைக்கு அடுப்பே வேண்டாம். உலர்ந்த தேங்காய்த் துருவல் கால் கிலோவும் ஒரு கை கூடுதலும், கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், ஏலக்காய். பச்சைத் தேங்காய் போட்டால் மறுநாளே ஊசிப்போகும். பிசைந்து அரைமணி ஊறவிட்டால் துருவல் பாலைக் குடித்துக் கையில் ஒட்டாமல் உருளும். ஒரு டின்னுக்கு 45 உருண்டை. இரண்டு டின் போட்டேன்.

இந்த வேலைக்கு அத்தை தானாக வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் நெய் தொட்டு அவர் உருட்டுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவருடையது எல்லாம் ஒரே அளவு. என்னுடையது குடும்பக் குரூப் போட்டோ மாதிரி.

உருட்டிக்கொண்டே பேசினார். அவர் பிறந்த ஊரில் டிசம்பர் மூன்றாம் வாரம் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு முற்றத்தில் கூடுவார்களாம். கலகலாவுக்கு வரி போடப் புதுச் சீப்பு வாங்கி வைத்திருப்பார்கள், மாவை அதன் பல்லில் அழுத்திச் சுருட்டுவதற்கு. அச்சு முறுக்குக்கு அச்சைக் காயவைக்கிற பக்குவம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மனசு கோணினால் அந்த வருசம் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது. "கேக்கெல்லாம் யாரு கண்டா? பேக்கரியில வாங்குனா உண்டு."

சரிதான். கேக் நம் பக்கத்தில் வீட்டுக்குள் பிறந்த பண்டமில்லை. 1883-இல் தலச்சேரிப் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாப்பு, பிரௌன் என்கிற தோட்டத் துரை கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர் முந்திரிப்பழச் சாராயம் சேர்த்துச் சுட்டுக்கொடுத்தாரே, அதுவும் பிஸ்கட் பேக்கரி அடுப்பில்தான். ஓவன் இல்லாமல்தான் அத்தையின் கிறிஸ்துமஸ் எல்லாம் நடந்திருக்கிறது. அவருடைய முறைப்பு ஓவனைப் பற்றியதே இல்லை என்று எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

"சட்டி வச்சா வாசனைக்கு நாலு பேரு வந்து எட்டிப் பாப்பாக. இதுக்கு யாரு வருவா?"

எழுந்துபோய் எதிர்வீட்டு அக்காவையும் மாடிவீட்டுப் பெண்ணையும் கூட்டிவந்தேன். அடுத்த ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை, வாய்ப்பே கிடைக்கவில்லை.

கடைசியில் அத்தை அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உருண்டை உச்சியிலும் ஒரு கிராம்பு குத்தினார். "லட்டுல இருக்கும்லா, அது மாதிரி." பிரேசிலில் இதே தேங்காயும் கண்டென்ஸ்டு மில்க்கும் கிளறி உருட்டி, 'சின்ன முத்தம்' என்று பெயர் வைத்து, உச்சியில் கிராம்பு குத்துவார்கள். இதைச் சொன்னதும் மாடிவீட்டுப் பெண் சிரித்தாள். அத்தை மட்டும், "யாருக்கு முத்தம்?" என்று கண்டிப்பாகக் கேட்டார்.

டிசம்பர் 23, செவ்வாய், விடிகாலை

1.50-க்கு வந்தார்கள். முதலில் டிரம், பிறகு தெருநாய்கள், அப்புறம்தான் பாட்டு. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றினால் உள்ளே வியர்த்து ஊற்றுகிற கல்லூரிப் பையன். அவன் ஒருவனே ஆறு பிஸ்கட் ரோல் தின்றான். மழை ஈரத்தில் ரோல் கொஞ்சம் இளகத் தொடங்கியது, ஆனால் இளகும் அளவுக்கு எதுவும் தட்டில் தங்கவில்லை. ஒரு பொடியன் உருண்டையை அப்படியே வாயில் போட்டுக் கிராம்பைக் கடித்துக் கண்கலங்கினான். அச்சு முறுக்கு இல்லையா என்று ஒரே ஒருவர் கேட்டார். டீ கொடுத்து அனுப்பினேன்.

எல்லோரும் போனபின் அத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் பத்து உருண்டையை எடுத்து வைத்திருந்தது தெரிந்தது. விடிந்ததும் பின்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று தின்றுகொண்டே, "நல்லாருக்கே, எந்தக் கடையில வாங்குனிய?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"கடையிலயா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "நானும் மருமகளும் உக்காந்து சுட்டோம்."

நான் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டேன்.