கரீபியன் தீவில் ஒரு மார்கழி: "கலுப்பிலே இருக்கா மாமி?"

மகளுக்குப் பிரசவம். அதற்குத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 'கரீபியன் தீவு' என்றதும் மந்தைவெளியில் எல்லோரும் நீலக் கடலும் தென்னை மரமுமாக ஒரு காலண்டர் படத்தை நினைத்துக்கொண்டார்கள். எதிர் ஃபிளாட் பையன் சிஎஸ்கே ரசிகன். "பிராவோ ஊருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டான். பிராவோ டிரினிடாட்காரர். நான் போனது அதற்கு வடக்கே இருக்கும் குவாதலூப்.

மேப்பில் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். பிரான்ஸிலிருந்து ஒரு கடலே தள்ளி இருந்தாலும் 1946 முதல் அந்த நாட்டின் ஒரு மாவட்டம் அது. செலவழிப்பது யூரோ, பேசுவது பிரெஞ்சு, வீட்டுக்குள் கிரியோல். சென்னையிலிருந்து பாரிஸ், அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்ட இன்னும் எட்டரை, ஒன்பது மணி நேரம். மாப்பிள்ளைக்கு அங்கே ஆராய்ச்சி வேலை.

பெட்டியில் துணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். மயிலாப்பூர் டப்பா செட்டி கடையில் வாங்கிய பிரசவ லேகியச் சாமான், வீட்டில் இடித்த அங்காயப்பொடி, சுண்டைக்காய் வற்றல், துவரம்பருப்பு. நெய் மட்டும் முடியவில்லை. பால் பொருள்களை ஐரோப்பிய எல்லைக்குள் விடமாட்டார்கள், பச்சை இலை தழைக்கும் ஆயிரம் கெடுபிடி என்று பெண் போனிலேயே கண்டித்துச் சொல்லிவிட்டாள். நெய்யை விடுங்கள், பிரெஞ்சு வெண்ணெயைக் காய்ச்சினால் வீதி வரை மணக்கிறது. ஆனால் கருவேப்பிலைக்கு எங்கே போவது? பத்தியச் சமையலில் கருவேப்பிலை இல்லாமல் என்ன செய்வது? பாரிஸில் விமானம் மாறும்போதுகூட இதே கவலைதான்.

மகள் வீடு இருப்பது கப்பெஸ்தேர் என்ற ஊரில். பின்னால் சூஃப்ரியேர் எரிமலை, 1,467 மீட்டர். பாதி நாள் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வாழை. போன மறுநாள் காலை குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. "இன்னிக்கு நம்ம முறை இல்லைம்மா" என்றாள் பெண், ரொம்ப சாதாரணமாக. மழை கொட்டும் எரிமலைத் தீவில், பழைய குழாய்கள் ஒழுகி ஒழுகி, பேட்டை பேட்டையாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்! 2019 கோடையில் லாரிக்குப் பின்னால் குடம் தூக்கி ஓடியவளுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? அன்று மாலைக்குள் இரண்டு டிரம், நாலு பக்கெட், மூடி சகிதம் தயார். மாப்பிள்ளை என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

கற்றுக்கொள்ள வேண்டியதும் இருந்தது. பேக்கரியில் நுழைந்து, நீள ரொட்டியைக் கை காட்டினேன். கல்லாவில் இருந்த பெண்மணி அசையவே இல்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை காட்டினேன். சிரித்துக்கொண்டே, "போன்ஜூர்" என்றார். அப்போதுதான் உறைத்தது. அங்கே முதலில் வணக்கம், பிறகுதான் வியாபாரம். நாம் இங்கே கடைக்காரரிடம் "அரைக் கிலோ வெண்டைக்காய்" என்றுதானே பேச்சையே ஆரம்பிக்கிறோம்?

காய்கறிச் சந்தையில் பாதி காய்கள் தெரிந்த முகங்கள். 'கிறிஸ்தோஃபீன்' என்று பெரிய பெயர் சொல்லி விற்றதைக் கையில் எடுத்தால், நம்ம சௌசௌ! 'மதேர்' என்பது சேப்பங்கிழங்கின் பெரியண்ணன். சீமைப்பலா மூட்டை மூட்டையாக. அதை மெல்லிசாகச் சீவி வறுத்தேன், வாழைக்காய் தோற்றுப்போகும். தெருவோரம் எண்ணெய்ச் சட்டியில் உப்பி எழும் 'போகித்' நம் ஹோட்டல் சோலாப்பூரியின் ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே கருவாடோ கோழியோ வைப்பார்கள், கேட்டால் எனக்கு வெறும் தக்காளி, வெள்ளரி வைத்துக் கொடுத்தார்கள். மரச்செப்பில் கையால் சுற்றிச் சுற்றி எடுக்கும் தேங்காய்ப்பால் ஐஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விஷயத்துக்கு வரமாட்டேன்.

விஷயம், பக்கத்து வீட்டு மாமி.

நிஜமாகவே மாமிதான். பிரெஞ்சில் பாட்டியை 'மாமி' என்பார்களாம். எழுபது வயதுக்கு மேல், நம் மாட வீதியில் தேர் பார்க்க நிற்கும் எந்தப் பாட்டியின் ஜாடையும் பொருந்தும் முகம். பெண் அறிமுகப்படுத்தினாள். "சென்னை" என்றேன், புரியவில்லை. "மெட்ராஸ்" என்றதும் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய், தலையில் கட்டும் கட்டம் போட்ட துணி ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்து, "மெட்ராஸ்! மெட்ராஸ்!" என்றார். அந்தத் தீவில் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கே 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி. திருவிழா என்றால் பாவாடை, தலைக்கட்டு, மேஜை விரிப்பு எல்லாம் அதில்தான். நம் ஊர்ப் பெயர் நமக்கே பழையதாகிவிட்டது; அங்கே அதைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நின்றுவிட்டது. வேலியோரம், ஆள் உயரத்துக்குக் கருவேப்பிலை மரம். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன். "கலுப்பிலே" என்றார் அவர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த மரத்தைக் காட்டினார், "வெப்பெலே." வேப்பிலை. பிரெஞ்சும் இல்லாமல் தமிழும் இல்லாமல் நாங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான், இரண்டு இலைகளின் பெயர்.

1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று, 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியர்களைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த 35 ஆண்டுகளில் சுமார் 42 ஆயிரம் பேர் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்தான் அதிகம். ஓட்டுரிமைக்காக இந்த ஊர்க்காரரான ஹென்றி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய வழக்கு 1923-ல்தான் ஜெயித்தது. இன்று தபால் பெட்டிகளில் முத்துசாமி, ராமசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஊர்க் கோயிலில் மாரியம்மன் 'மாலியேமேன்' ஆகியிருக்கிறாள். மொழி போய்விட்டது. சமையலறையிலும் சாமி அறையிலும் மட்டும் சில சொற்கள் தங்கிவிட்டன. மஞ்சளுக்கு 'மாஞ்ஜா.' குழம்புக்கு 'கொலம்போ.'

'கொலம்போ' இலங்கைத் தலைநகரின் பெயர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கிளறிப் பார்த்த நான் குழம்புக் கட்சி. தனியா, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சள், கூடவே வறுத்த அரிசி, இதுதான் பொடி. மிளகாய் பொடியில் கிடையாது. தொப்பி மாதிரி இருக்கும் அந்த ஊர் மிளகாயை முழுசாக மிதக்கவிட்டு, வெடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார்கள். புளிக்குப் பதில் எலுமிச்சை. வழக்கமாக ஆட்டுக்கறியோ கோழியோ போடுவார்கள். கோயில் விரத நாட்களில் மட்டும் காய்கறிக் கொலம்போ, வாழை இலையில். எனக்காக மாமி விரதம் இல்லாத நாளிலேயே அதைச் செய்தார். சௌசௌ, கத்திரிக்காய், சீமைப்பலா. முதல் வாயில் 'உப்பு தூக்கல்' என்று நினைத்தேன். மூன்றாவது வாயில் தட்டு காலி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். 'நம்ம மனுஷா' என்று எனக்குத் தொண்டை அடைத்தது உண்மைதான். ஆனால் அந்தக் கப்பலில் ஏறியது மாட வீதிக்காரர்கள் இல்லை. பஞ்சத்திலும் கூலியிலும் அடிபட்ட கிராமத்து ஜனங்கள். என் கொள்ளுப்பாட்டி அவர்களைத் தன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பாள், கிணற்றைத் தொடவிட்டிருக்க மாட்டாள். 170 வருஷம் கழித்து அவர்கள் வாசலில் நான் நிற்கிறேன், ஒரு கொத்து கருவேப்பிலைக்காக. அவர் என்னை வாசலில் நிறுத்தவில்லை.

மயிலாப்பூரில் காலை ஐந்து மணிக்குத் திருப்பாவை பாடும்போது, அங்கே முந்தின நாள் ராத்திரி ஏழரை. சரியாக அந்த நேரத்துக்குத்தான் தெருவில் 'ஷாந்தே நுவெல்' தொடங்கும். கிறிஸ்துமஸ் பாட்டுகளை மேளம் கொட்டிக் கூட்டமாகப் பாடுவார்கள். நம் வீதி பஜனை கொஞ்சம் ஆட்டம் போட்டால் எப்படியிருக்கும், அப்படி. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்றித் தொடையோடு பச்சைத் துவரையும் கட்டாயம். மாமி வீட்டுத் திண்ணையில் கூடை நிறையத் துவரங்காய். நானும் உட்கார்ந்து உரித்தேன். அதற்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். கப்பல் வந்து இறங்கிய அதே டிசம்பர் 24 அன்று, பச்சைத் துவரை போட்டு அரைத்துவிட்ட சாம்பார் வைத்து, அவர் வீட்டுக்கும் அனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நாலு எலுமிச்சம்பழத்தோடு.

புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்னால் பேரன் பிறந்தான். பூண்டு ரசம், முருங்கைக்கீரை, பருப்புத் துவையல் என்று என் ராஜ்யம் நடந்தது. கீரையும் மாமி தோட்டத்து மரம்தான். பொங்கலுக்கு முந்தின நாள் அவர் ஒரு கொத்துப் பச்சை மஞ்சளைக் கொண்டுவந்து நீட்டினார். பானைக்குக் கட்டியதுபோக மீதியை அரைத்துப் பாலில் போடலாம் என்று அம்மியைத் தேடினேன். அம்மி ஏது? மிக்ஸியைத் திறந்தேன்.

பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. எங்க விளைஞ்சதுன்னு தெரியாது."

வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்காக 'குளோர்டெகோன்' என்ற மருந்தை 1972 முதல் 1993 வரை அடித்திருக்கிறார்கள். அமெரிக்கா எழுபதுகளிலேயே கைவிட்ட விஷம். மண்ணை விட்டு அது போகவே மாட்டேன் என்கிறது. மரத்தில் காய்ப்பவற்றில் ஏறுவது மிகக் குறைவு. மண்ணுக்குள் விளையும் கிழங்குகளில்தான் சேர்கிறது. சோதித்துப் பார்த்ததில் தீவில் பெரியவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருந்தது. நான் ஜன்னலில் நின்று ரசித்த பச்சைப் பசேல் வாழைத் தோப்புகளின் கதை இது.

பால் கொடுப்பவளுக்கு ஆகாதுதான். ஆனால் ஒரு மாதமாக எங்களுக்கு இலையும் கீரையும் அள்ளிக் கொடுத்தவரிடம் போய், 'உங்கள் மஞ்சளில் விஷம் இருக்கா?' என்று எப்படிக் கேட்பது? அன்று முழுக்கக் கேட்கவில்லை. மாலையில் அவரே வந்தார், குழந்தையைப் பார்க்க. மஞ்சள் அப்படியே மேஜையில் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெண்ணிடம் நிதானமாக ஏதோ சொன்னார். பெண் தமிழில் சொல்லும்போது அவள் குரல் சரியாக வரவில்லை.

"வாழை பேக் பண்ற கொட்டகையில முப்பது வருஷம் வேலை பார்த்தேன். வீட்டு மண்ணை எடுத்துண்டு போய் டெஸ்ட் பண்ணேன், காசு வாங்காமப் பண்றா. இருக்குன்னு வந்துது. அப்புறம் இந்த மண்ணுல கிழங்கே போடலை. இந்த மாஞ்ஜா தங்கச்சி வீட்டுது, கிராந்-தேர் பக்கம், அங்க கரும்பு மண்ணு. பிள்ளை பெத்தவளுக்கு என் மண்ணுல விளைஞ்சதைக் கொடுப்பேனா?"

பட்டாம்பூச்சியின் கிழக்கு இறக்கை கிராந்-தேர். வாழை இல்லாததால் அங்கே பெரும்பாலான மண்ணில் இந்த விஷம் இல்லை. அவருக்குக் காபி கலக்கிற சாக்கில் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். மஞ்சளை அன்று ராத்திரியே அரைத்தேன்.

பிப்ரவரியில் கிளம்பும்போது, "மெட்ராஸிலிருந்து உங்களுக்கு என்ன அனுப்ப?" என்று பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "மெட்ராஸ்" என்றார். தலைக்குக் கட்ட, அசல் ஊரிலிருந்து ஒரு துண்டு.

போன வாரம் தி.நகர் போனேன். ரங்கநாதன் தெருவில் நாலு கடை, பாண்டி பஜாரில் இரண்டு. "மெட்ராஸ் துணி இருக்கா?" என்று கேட்டதற்கு ஒரு கடைப் பையன், "இதுதானே ஆன்ட்டி மெட்ராஸ்! என்ன துணின்னு சொல்லுங்க" என்றான். போனில் படத்தைக் காட்டினேன். "அட, லுங்கியா!" என்று மாடிக்கு அனுப்பினான். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டதில் இரண்டு மீட்டர் கிழித்து வாங்கினேன். கூடவே அரைக் கிலோ சாம்பார்பொடியும் வைத்து பார்சல் போட்டாயிற்று. போய்ச் சேர மூன்று வாரமாவது ஆகும் என்கிறார்கள்.