கோடு குறையுது... வெளிச்சம் குறையலை!

ஓஎல்இடி திரை வைத்த லேப்டாப்பில் உபுண்டு போட்டேன். பிரைட்னஸ் பட்டனை அமுக்கினால் அளவு காட்டும் கோடு குறைகிறது. வெளிச்சம் அப்படியே நிற்கிறது.

எனக்கு நைட் ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை. அப்பா பஸ் டிரைவர். அதிகாலை 4 மணிக்கு டிப்போவில் இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே அறை. "டியூப்லைட்டை அணைச்சுட்டு எழுதேன் கண்ணு" என்றார், திரையைத்தான்! தூங்காத கண்ணோடு அவர் ஸ்டீயரிங் பிடிப்பதை நினைத்தால் எனக்குச் செய்தியே ஓடவில்லை.

விஷயம் இதுதான். எல்சிடி திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு உண்டு. பட்டன் அதைத்தான் குறைக்கும். ஓஎல்இடியில் அந்த விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. லினக்ஸ் இல்லாத விளக்குக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் திரைக்கு எப்படிக் கேட்கும்?

என்னுடையது இன்டெல் கிராஃபிக்ஸ். பூட் ஆகும்போதே 'டிபிசிடி பேக்லைட்' முறையைப் பயன்படுத்தும்படி கெர்னலுக்கு ஒரு வரி சேர்த்தேன். பட்டன் வேலை செய்தது! நீங்கள் முதலில் கெர்னலை அப்டேட் செய்து பாருங்கள். புதியவற்றில் பல லேப்டாப்கள் தானாகவே சரியாகிவிடுகின்றன.

ஆனால், பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சம் குறைந்ததும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். சிலருக்குத் தலைவலி வரும். எனக்கு வந்தது. அதனால் பிரைட்னஸைப் பாதியில் நிறுத்தி, டார்க் தீம் போட்டுவிட்டேன். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி முழுசாக அணைந்தே இருக்கும், பேட்டரியும் மிச்சம்.

செய்தி ஏற்றும் பக்கம் மட்டும் இன்னும் பால்வெள்ளை. அதற்கு ஏதாவது வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.