கோட்டில் பிறக்கும் நிறம்

கொடைக்கானலில் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில், ஏழு ரோட்டுப் பக்கம் பேன்சி ஸ்டோர் ஒன்றில் ஹோலோகிராபிக் நெயில் பாலிஷ் வாங்கினேன். குப்பியில் சாம்பல் கலந்த வெள்ளி நிறம். ஒரு விரலில் பூசிப் பார்த்தால் அங்கேயும் அதே சாம்பல்தான். "மேகம் விலகட்டும்க்கா, வெயில்ல காட்டிப் பாருங்க" என்றாள் கடைப் பெண்.

வெயில் பட்டதும் நகத்தின் நடுவே சிவப்பு முதல் ஊதா வரை ஒரு பட்டை எழுந்தது. விரலைத் திருப்பினால் பட்டையும் நகர்ந்தது. நிழலுக்குள் இழுத்துக்கொண்டால் மறுபடி சாம்பல். மருதாணிச் சிவப்பு நிழலுக்குப் போனாலும் சிவப்புதானே? அப்படியானால் இது எங்கிருந்து வருகிற நிறம்?

குப்பிக்குள் வானவில் நிறச் சாயம் எதுவும் கிடையாது. நுண்கோடுகள் பதித்த ஒரு தாளின் மேல், வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். இருபுறமும் மெக்னீசியம் ஃபுளோரைடு காப்பு. பிறகு அதை உரித்துப் பொடிக்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு இடைவெளிதான். அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து போகிறது. பூச்சு காயும்போது துகள்கள் நகத்தோடு படுத்துக்கொள்ள வேண்டும். பாதி காய்ந்த பிறகு பிரஷ்ஷை மறுபடி இழுத்தால் எல்லாம் கலைந்து வெறும் மினுமினுப்பாகிவிடும். மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து வருவதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துப்போகின்றன.

இந்த வித்தையின் பூர்வீகம் கலிஃபோர்னிய ஆய்வகம் எதிலாவது இருக்கும் என்றுதான் தேடத் தொடங்கினேன். அது 200 ஆண்டுகளுக்குப் பின்னால் இழுத்துப் போனது. ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர், முத்துச் சிப்பியின் உட்புறத்தை மெழுகில் அழுத்திப் பார்த்திருக்கிறார். சிப்பியின் நிறம் மெழுகுக்கும் வந்துவிட்டது. ஆக, நிறம் இருந்தது சிப்பியின் பொருளில் அல்ல, அதன் மேற்பரப்பின் வரிகளில். இன்னொருவர் ஜான் பார்ட்டன், லண்டன் அரசு நாணயச் சாலைக்காரர். எஃகில் வைரமுனையால் நெருக்கமாகக் கோடு கீறி, அந்த அச்சை உலோகத்தில் பதித்துச் சட்டைப் பொத்தான்கள் செய்தார். 1822-ல் காப்புரிமையும் வாங்கினார். இந்தப் பொத்தான்கள் பகலின் பொது வெளிச்சத்தில் எடுபடாது, வெயிலிலும் மெழுகுவர்த்தி ஒளியிலும்தான் ஜொலிக்கும் என்று புரூஸ்டர் தம் நூலில் எழுதியிருக்கிறார். கடைப் பெண் சொன்னதும் அதுதான்!

அதே காலத்தில் ஜெர்மனியில் ஒளியியல் அறிஞர் ஃபிரான்ஹோஃபர் மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டி, அதன் வழியே ஒளியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது அலங்காரம் அல்ல, அளவு. சூரிய நிறமாலையில் குறுக்கே ஓடும் கருங்கோடுகளை 1814-லேயே அவர் வரிசைப்படுத்திவிட்டார். அந்தப் பரம்பரையின் ஒரு கிளை கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் மாண்டு மடிந்தபின், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அது வளர்ந்து, 1899-ல் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் அமைந்தது. அங்கே ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம்பிடித்தபோது கருங்கோடுகள் இடம் பெயர்ந்திருக்கக் கண்டார். புள்ளியைச் சுற்றி வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கி ஓடுகிறது என்பது அதன் பொருள். இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரிய விளிம்பின் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-ல் வந்தது. மேரியைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசக் கேட்டதில்லை.

ஆய்வக அருங்காட்சியகத்தில் சூரிய நிறமாலையை நேரடியாகவே காட்டுகிறார்கள். நகத்தில் பார்த்த அதே வரிசைதான். ஆனால் இதில் கருங்கோடுகள் கம்பி நட்டதுபோல் நிற்கின்றன. நகத்தில் மட்டும் ஏன் இல்லை? துகள் அவ்வளவு பொடி. ஒன்றில் சில பத்துக் கோடுகள் இருந்தால் அதிகம். நிறத்தைப் பிரிக்க அது போதும், நுணுகிப் பார்க்கப் போதாது. ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் இருக்கும் கோட்டுத்தகட்டில் மில்லிமீட்டருக்கு 600 கோடுகள். ஒரு சாண் அகலத்துக்கு லட்சத்தைத் தாண்டிவிடும். எவர்ஷெட் கண்டது அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு நகர்வு. அதை என் நகத்திடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அது கேட்பதெல்லாம் கொஞ்சம் வெயில். கொடைக்கானலின் அக்டோபர், நவம்பர் மழையில் அதற்குத்தான் பஞ்சம்; அப்போது பூசுகிறவர்கள் செல்போன் டார்ச்சைத்தான் நம்ப வேண்டும்.