கயிற்றின் மறுமுனை

அச்சம் இல்லாதவரே உயரத்தை எட்ட முடியும் என்பது பொதுவான எண்ணம். பாறையேற்றம் கற்றுத்தரும் பாடமோ வேறானது. அஞ்சுபவரும் ஏறலாம், ஆனால், தனியாக ஏறக்கூடாது. நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி அப்பாடத்தைக் கற்ற வரலாறு இது.

குன்றின் நிழலில்

திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்து அமைந்துள்ளது வெம்பாக்கம் வட்டம். ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த இந்நிலப்பரப்பில் ஆங்காங்கே பாறைக்குன்றுகள் எழுந்து நிற்கின்றன. ஒருபுறம் ஆரணி, மறுபுறம் காஞ்சிபுரம் என இரு பட்டு நகரங்களுக்கு இடைப்பட்ட பகுதியாதலால், இங்குள்ள சிற்றூர்கள் பலவற்றில் தறியோசை கேட்கும். அத்தகைய சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் அம்மாணவி. தந்தை குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்வார். பழைய பாவின் இழைமுனையோடு புதிய பாவின் இழைமுனையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பது தாயின் பணி.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஆடு மேய்க்கும் சிறுவர்களுடன் ஊர்ப்புறத்துப் பாறை ஒன்றில் ஏறினாள். ஏறுவது எளிதாகவே இருந்தது. இறங்கத் திரும்பியபோதுதான் தரை தொலைவிலிருப்பது தெரிந்தது. அழவும் இயலாமல் பாறையைப் பற்றிக்கொண்டு கிடந்தவளைத் தந்தை வந்து தோளில் சுமந்து இறக்கினார். அதன்பின் மாடிப்படியின் விளிம்பில் நிற்பதற்கும் அவள் கால்கள் தயங்கின.

நெய்யாற்றங்கரையில்

கல்லூரியில் சேர்ந்ததும் அவள் தேசிய மாணவர் படையில் இணைந்தாள். அப்படை தன் மாணவர்களுக்குப் பாறையேற்றப் பயிற்சி முகாம்களை மத்தியப் பிரதேசத்தின் குவாலியரிலும் கேரளத்தின் நெய்யாறு அணையிலும் நடத்திவருகிறது. நெய்யாறு முகாமுக்குச் செல்வோர் பட்டியலில் தன் பெயரையும் அவள் சேர்த்தாள். ஒன்பது வயதில் பாறைமேல் விட்டுவந்த ஏதோவொன்றை மீட்டெடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஒரு கயிற்றை நம்பியா பாறையில் ஏறப்போகிறாய், கண்ணு?” என்று தாய் கலங்கினார்.

தறியிலிருந்து தலையை உயர்த்தாமலேயே தந்தை விடையளித்தார்: “நாம் நூலை நம்பித்தானே வாழ்கிறோம்? போய்வரட்டும்.”

நெய்யாறு, தமிழர் போற்றும் அகத்தியர் மலையில் பிறந்து மேற்கே பாயும் ஆறு. அணையைச் சூழ்ந்துள்ள காடும் மலையும் வனவிலங்குப் புகலிடமாகக் காக்கப்படுகின்றன. சமவெளியின் வெயிலில் வளர்ந்தவளுக்கு அம்மலைக்காட்டின் ஈரமே புதிதாக இருந்தது.

தொடக்கநிலையினருக்குரிய பாறைக்கெனச் சில இயல்புகள் உண்டு. அது செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். கால் பதிக்கும் திட்டுகளும் விரல் நுழையும் வெடிப்புகளும் அடுத்தடுத்து அமைந்திருக்க வேண்டும். உச்சியில் கயிற்றைப் பிணைக்க அசையாத பிடிமானமும் அடியில் நின்று பயிற்சியளிக்கச் சமதளமும் தேவை. டார்ஜிலிங்கில் டென்சிங் நார்கேயின் பெயர் தாங்கிய பாறை ஒன்று உள்ளது. எவரெஸ்டின் உச்சியை 1953ஆம் ஆண்டில் எட்டிய அவரே, மறு ஆண்டில் அந்நகரில் நிறுவப்பெற்ற இமாலய மலையேற்ற நிறுவனத்தில் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். பெருஞ்சிகரத்தை வென்றவரும் தம் மாணவருக்குச் சிறுபாறையிலிருந்தே கற்பித்தார். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023ஆம் ஆண்டில் எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அப்பெருமையைப் பெற்ற முதல் தமிழ்நாட்டுப் பெண்ணானார். நெடிய பயணங்களும் ஓரடியில்தான் தொடங்குகின்றன.

கயிறு என்னும் நெசவு

முதல் நாளில் எவரையும் பாறையில் ஏறவிடவில்லை. தலைக்கவசம் அணிதல், இடுப்புவாரை இறுக்குதல், எட்டு வடிவ முடிச்சிடுதல் ஆகியவற்றைக் கற்பித்தனர். முடிச்சை இட்டவர் ஒருமுறையும் உடனிருப்பவர் மறுமுறையும் சரிபார்த்த பின்னரே அது முடிச்சாகக் கருதப்பட்டது.

பழைய கயிறு ஒன்றை வெட்டி அதன் உட்புறத்தைப் பயிற்றுநர் காட்டினார். நடுவே வெண்ணிற நைலான் புரிகள் கற்றையாக இருந்தன. அவற்றைச் சுற்றிலும் வண்ண இழைகளால் பின்னிய உறை இருந்தது. முற்காலத்தில் மலையேறுவோர் சணல் முதலிய தாவர நார்க்கயிறுகளையே நம்பியிருந்தனர். திடீரென விழும் உடலின் விசையைத் தாங்காமல் அவை அறுந்ததுண்டு. நைலான் வந்தபின் நிலை மாறியது. உள்ளகமும் பின்னல் உறையும் கொண்ட இவ்வகைக் கயிறு 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. உள்ளகம் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. உறை அதனைப் பாறையின் உராய்விலிருந்து காக்கிறது. விழும்போது கயிறு சற்றே நீண்டு அதிர்ச்சியை உள்வாங்குகிறது.

மற்றவர்கள் கயிற்றைக் கண்டனர். அவளோ அதில் நெசவைக் கண்டாள். தனி இழையை விரலால் அறுத்துவிடலாம். இழைகள் சேர்ந்தபின் அறுப்பது அரிது. இதை எவரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாறையில்

மறுநாள் அவளுடைய முறை வந்தது. உச்சியிலுள்ள பிடிமானத்தின் வழியாகச் சென்று திரும்பிய கயிற்றின் ஒரு முனை அவளது இடுப்புவாரில் இருந்தது. மறுமுனையை வேறு மாநிலத்து மாணவி ஒருத்தி தரையில் நின்று பிடித்திருந்தாள். இருவருக்கும் பொதுமொழியென அமைந்தவை ‘தயார்’, ‘ஏறு’, ‘இறக்கு’ என்னும் பொருள்தரும் சில கட்டளைச் சொற்களே.

இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கனுள் மூன்று எப்போதும் பாறையில் பதிந்திருக்க, ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும் என்பது பாறையேற்றத்தின் அடிப்படை விதி. அவள் அதனைப் பிழையின்றிப் பின்பற்றினாள். பாதி உயரத்தில் கீழே நோக்கினாள். ஒன்பது வயதின் அச்சம் அப்படியே திரும்பி வந்தது. பாறையை மார்போடு தழுவிக்கொண்டாள். தழுவத் தழுவக் கால்கள் வழுக்கின.

“பாறையை அணைக்காதே! இடுப்பை வெளியே தள்ளி, காலில் நில்!” என்று பயிற்றுநர் கூறினார். சாய்ந்த பாறையில் உடலை ஒட்டிக்கொண்டால் பாதத்தின் அழுத்தம் குறைந்து, உராய்வும் குறையும். நிமிர்ந்து நின்றால்தான் எடை பாதத்தில் இறங்கிப் பிடி கிடைக்கும். அறிவுக்கு இது விளங்கிற்று, உடல் உடன்படவில்லை. அவள் இறங்கிவிடுவதாகக் கூறினாள். எவரும் நகைக்கவில்லை. கயிறு மெல்லத் தளர்ந்து அவளைத் தரையில் சேர்த்தது.

கண்ணீரைத் துடைப்பதற்குள் அடுத்த பணி காத்திருந்தது. இப்போது அந்தத் தோழி ஏற, இவள் கயிற்றைப் பிடித்துக் காக்க வேண்டும். கயிறு ஓர் உலோகக் கருவியில் வளைந்து செல்லும். அவ்வளைவில் ஏற்படும் உராய்வால், ஒரு கையின் பிடியே மறுமுனையிலுள்ளவரின் எடையைத் தாங்கப் போதுமானதாகும். அந்தக் கையை மட்டும் எக்காரணத்தாலும் எடுக்கக்கூடாது.

தோழி விரைந்து ஏறினாள். உச்சிக்குச் சற்றுக் கீழே அவளது கால் நழுவியது. ஒரு நொடியில் கயிறு விறைத்தது. இவள் ஓரடி முன்னோக்கி இழுபட்டாள். ஆனால், கை விலகவில்லை. மேலே தோழி கயிற்றில் ஊசலாடி, மீண்டும் பாறையைப் பற்றிக்கொண்டு கீழ்நோக்கிச் சிரித்தாள்.

ஓர் உயிரின் எடை எத்தகையது என்பதை அவள் உள்ளங்கை அன்று அறிந்தது. தான் பாறைமேல் நடுங்கியபோதும் கீழே ஒரு கை இவ்வாறே விலகாமல் இருந்திருக்கிறது என்பதும் விளங்கிற்று. மாலையில் அவள் மீண்டும் ஏறினாள். அச்சம் அகன்றுவிடவில்லை, அதுவும் உடன் ஏறிற்று. எனினும் இம்முறை அவள் பாறையைத் தழுவவில்லை, காலில் நின்றாள். உச்சியில் கையை வைத்தபோது நெய்யாற்று நீர்ப்பரப்பு மரங்களுக்கிடையே மின்னியது.

மீண்டும் ஊரில்

முகாம் முடிந்து திரும்பியவளைச் சித்தப்பாவின் மகன் மாமண்டூர்க் குன்றுக்கு அழைத்தான். ஏரிக்கரையில் அமைந்த அக்குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. அவற்றினும் பழைமையான தமிழிக் கல்வெட்டும் உள்ளது. “அக்கா, இதில் ஏறிக் காட்டு” என்றான் அவன்.

அவள் மறுத்தாள். “இது எழுத்துள்ள பாறை, தம்பி. இதை நாம் படிக்கத்தான் வேண்டும், மிதிக்கக்கூடாது. மற்றப் பாறைகளிலும் கயிறும் கற்றுத்தருபவரும் இல்லாமல் ஏறாதே. ஒன்பது வயதில் நான் செய்த பிழை அதுதான்” என்றாள்.

அன்றிரவு தாய் பாவிழைகளை இணைத்துக்கொண்டிருந்தார். அவள் அருகில் அமர்ந்து இழைமுனைகளை எடுத்துக்கொடுத்தாள்.

“பயமாக இல்லையா, கண்ணு?”

“இருந்தது, அம்மா. கீழே ஒருத்தி கயிற்றைப் பிடித்திருந்தாள்.”

தாய் அடுத்த இழையை முறுக்கினார். மெல்ல இழுத்துப் பார்த்து, அது உறுதியாக இருப்பதை அறிந்தபின் அதற்கடுத்த இழைக்காகக் கைநீட்டினார்.